நிறுத்தும் உரிமை

ஜூரோங்கில் துடுப்பு வலிப்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினரைக் கண்ணால் பார்க்கலாம். பாண்டான் நீர்த்தேக்கத்தின் கரைமேல் காலையில் நடக்கப் போனால், ஒடுங்கி நீண்ட படகுகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவது தெரியும். சிங்கப்பூரின் துடுப்புப் படகு மையம் அந்தக் கரையில்தான் இருக்கிறது. 2016இல் ரியோவுக்குத் தகுதி பெற்று, இந்த விளையாட்டில் நாட்டின் முதல் ஒலிம்பிக் வீராங்கனையான சையிதா ஆயிஷா, 2021இல் தோக்கியோவில் வலித்த ஜோன் போ, இருவரும் அந்தத் தண்ணீரில் பழகியவர்கள். இரண்டாவது வகையினர் வெளியே தெரிவதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் கூடத்தில், சோபாவை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு, காற்றுச் சக்கரம் பொருத்திய இயந்திரத்தில் உட்கார்ந்து சங்கிலியை இழுப்பவர்கள். ஜூரோங் வெஸ்ட்டில் நான் அந்த வகை.

இழுக்கக் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் போதும். மறுநாளும், அதற்கு மறுநாளும், வருஷக் கணக்கில் அதே இருக்கையில் போய் உட்காருவதற்குத்தான் வழி தேட வேண்டியிருக்கிறது. வீட்டில் பயிற்சியாளர் இல்லை. முன்னும் பின்னும் தாளம் பிடிக்கத் தோழர்கள் இல்லை. ஒரு நாள் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இல்லை. கிருமித்தொற்றுக்கால முடக்கமான சர்க்கிட் பிரேக்கர் அமலில் இருந்த 2020 ஏப்ரல், மே மாதங்களில் உடற்பயிற்சிக் கூடங்கள் மூடிக் கிடந்தபோது எத்தனையோ வீடுகளுக்கு இப்படி இயந்திரங்கள் வந்தன. அவற்றில் பல பிறகு துணி உலர்த்தும் சட்டங்களாயின, அல்லது இணையத்தில் பாதி விலைக்குப் போயின. சோம்பல்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விட்டுவிட்டவர்களில் பலர் முதல் மாதத்தில் என்னைவிடக் கடுமையாக இழுத்தவர்கள். ஒவ்வொரு நாளும் நேற்றைய எண்ணை முறியடிக்க வேண்டும் என்று தமக்குத் தாமே மேஸ்திரியாக நின்றார்கள். உடம்பு அந்த மேஸ்திரிக்குப் பயந்தது. ஒரு கட்டத்தில் வேலைக்கு வராமல் நின்றுகொண்டது.

இந்த இயந்திரத்துக்கு நீண்ட வம்சாவளி உண்டு. கிமு நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸ் தளபதி காப்ரியாஸ், துடுப்பு பிடித்தே அறியாத ஆள்களைக் கரையில் மரச்சட்டங்களில் உட்காரவைத்து வலிக்கப் பழக்கினார் என்று பழைய போர்நூல் ஒன்றில் குறிப்பு இருக்கிறது. டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சி அறையிலும் ஒன்று இருந்தது. இன்று வீடுகளில் இருக்கும் வடிவம் 1981இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் உருவானது. டிக், பீட் டிரைசிகாக்கர் என்ற சகோதரர்கள் அங்கே கான்செப்ட்2 என்ற பெயரில் படகுத் துடுப்புகள் செய்து விற்றுவந்தார்கள். சைக்கிள் சக்கரம் ஒன்றை வைத்து, அதன் சங்கிலியை இழுத்தால் துடுப்பு வலிப்பதுபோல் இருக்கும்படி முதல் இயந்திரத்தை அமைத்தார்கள். குளிர்காலத்தில் ஆறும் ஏரியும் உறைந்துபோகும் ஊர்க்காரர்களின் தேவை அது. நமக்குப் பனி இல்லை, இடி இருக்கிறது. ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள்களில் இந்தத் தீவில் எங்காவது இடி முழங்குகிறது. மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் நீர்த்தேக்கத்தில் இருப்பவர் யாரானாலும் கரையேற வேண்டியதுதான்.

சக்கரம் காற்றைத் தள்ளிக்கொண்டு சுழல்கிறது. அதற்கு வேண்டிய சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. வீட்டில் இழுப்பவர் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே இயற்பியல் இதுதான் என்பேன். 500 மீட்டரை 2 நிமிடம் 30 வினாடியில் கடக்கும் வேகத்துக்கு ஏறக்குறைய 104 வாட் போதும். அதையே 2 நிமிடத்தில் கடக்க 203 வாட் வேண்டும். அரை நிமிடம் மிச்சம் பிடிக்க இரண்டு மடங்கு உழைப்பு. இந்தக் கணக்கை ஆசைப்படுகிறவர்கள் மேல்நோக்கிப் படிக்கிறார்கள். நான் அதைக் கீழ்நோக்கிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். 2 நிமிடம் 10 வினாடி என்ற வேகத்திலிருந்து பத்தே வினாடி தளர்த்தி 2 நிமிடம் 20 வினாடிக்கு இறங்கினால் 159 வாட் 128 ஆகிறது. சுமையில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. வேகம் குறைந்தது கண்ணுக்கே தெரியாது, மூச்சுக்கு மட்டும் தெரியும். நாளைக்கும் வந்து உட்காரலாம் என்ற தெம்பு அந்தப் பத்து வினாடியில்தான் இருக்கிறது.

நார்வேயில் பணியாற்றும் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், துடுப்பு, பனிச்சறுக்கு, ஓட்டம் போன்ற துறைகளின் உயர்நிலை வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். அவர்களின் பயிற்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, பேசிக்கொண்டே செய்யக்கூடிய அளவுக்கு இலகுவானது என்று காட்டினார். ஒலிம்பிக் போகிறவர்களே அப்படி என்றால், வேலை முடிந்து வந்து கூடத்தில் உட்காருகிற நாம் தினம் நாக்குத் தள்ள இழுப்பதில் என்ன நியாயம்? சக்கரக் கூண்டின் பக்கத்தில் 1 முதல் 10 வரை எண் போட்ட ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். புதிதாக வருபவர்கள் அதை நேரே 10இல் கொண்டுபோய் வைப்பார்கள், அதுதான் வீரம் என்பதுபோல. அது கடினத்தின் அளவு அல்ல. கூண்டுக்குள் எவ்வளவு காற்றை விடுவது என்பதற்கான திறப்பு, அவ்வளவுதான். அதை 10இல் வைத்து மெதுவாகவும் இழுக்கலாம், 3இல் வைத்து உயிர்போக இழுக்கவும் செய்யலாம். 4க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இடுப்பு நன்றி சொல்லும்.

வலிப்பதன் அழகு திரும்பி வருவதில் இருக்கிறது. கால் தள்ளும், முதுகு சாயும், கடைசியில் கை மடங்கும்; அந்த முயற்சி ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். பிறகு கை நீண்டு, முதுகு முன்னே வந்து, முழங்கால் மடிந்து, இருக்கை தண்டவாளத்தில் உருண்டு வருவதற்கு அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும். படகில் அவசரமாகத் திரும்பினால் உடலின் எடை படகைப் பின்னுக்குத் தள்ளும், ஓட்டம் தடைபடும், தண்ணீரே கண்டித்துச் சொல்லிவிடும். தரையில் ஊன்றி நிற்கும் இயந்திரம் கண்டிக்காது. வீட்டுப் பயிற்சியில் உள்ள பெரிய குறை இது. அதற்கு ஈடாகத் திரையில் நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்று காட்டும் எண்ணை 18க்கும் 20க்கும் இடையில் பிடித்து நிறுத்த வேண்டும். கால்வாரைத் தளர்த்திவிட்டு இழுப்பது இன்னொரு வழி. அவசரமாகப் பின்னால் சாய்ந்தால் பாதம் மிதியிலிருந்து எழும்பிவிடும். எழும்பாமல் இழுக்கப் பழகியவருக்குத் திரும்பி வருவது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெர்மாண்டில் எழுதப்பட்ட பயிற்சி அட்டவணையை ஜூரோங்கில் அப்படியே பின்பற்ற முடியாது. இங்கே விடியற்காலையிலேயே காற்று ஈரத்தில் கனத்திருக்கும். வியர்வை வழிந்துகொண்டே இருக்கும், உலராது. உலர்ந்தால்தானே உடம்பு குளிரும். அதனால் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் இழுத்தாலும் நாடித்துடிப்பு தானாக மேலே ஏறிக்கொண்டு போகும். முதல் பத்து நிமிடத்தில் சுகமாக இருந்த அதே வாட், கடைசிப் பத்து நிமிடத்தில் போராட்டமாகிவிடும். வேகத்தைப் பிடித்துக்கொண்டு நாடியை ஓடவிடுவதா, நாடியைப் பிடித்துக்கொண்டு வேகத்தை விடுவதா என்று கேட்டால், இரண்டாவதுதான் இந்த ஊருக்குச் சரி. மேசை விசிறியை நெஞ்சு மட்டத்தில், பக்கவாட்டில் வைக்க வேண்டும். துண்டு இரண்டு வேண்டும், ஒன்று முகத்துக்கு, மற்றது தண்டவாளத்துக்கு. இருக்கைச் சக்கரங்கள் எஃகுப் பட்டையில் மெல்லிய கறுப்புக் கோடு போட்டிருக்கும். ஈரத் துணியால் அதைத் துடைத்து எடுப்பதோடுதான் ஒவ்வொரு நாளின் பயிற்சியும் முடிகிறது. துடைக்காமல் விட்டால் மறுநாள் இருக்கை கரகரக்கும். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெய். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் காய்ப்பு ஏறும். அதைப் பிய்க்காமல், குளித்த பிறகு கல்லால் தேய்த்துச் சமமாக வைத்துக்கொள்ள வேண்டும். புகைமூட்டம் வந்தால் கதை வேறு. 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. அப்படிப்பட்ட நாள்களில் சன்னலைச் சாத்திவிட்டு இயந்திரத்துக்கும் ஓய்வு கொடுப்பதே அறிவு.

அடுக்குமாடியில் நம் தரை என்பது இன்னொருவரின் கூரை. காற்றுச் சக்கரத்தின் இரைச்சல் சன்னல் வழியாகப் போய்விடும். ஆனால் இருக்கை முன்னே வந்து முட்டும் அதிர்வு கான்கிரீட் வழியாக நேரே கீழே இறங்கும். எங்கள் கீழ்வீட்டில் வயதான மலாய் அம்மா ஒருவர் இருக்கிறார். நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் பேரன் பிறந்தபோது மின்தூக்கியில் பார்த்துக் குழந்தை எந்த அறையில் தூங்குகிறது என்று கேட்டேன். எல்லா மாடியிலும் வீட்டின் அமைப்பு ஒன்றே என்பதால், அவர்கள் படுக்கையறைக்கு மேலே எங்கள் படுக்கையறை. அங்கே இருந்த இயந்திரத்தை அன்றே கூடத்துக்குக் கொண்டுவந்தேன். 26 கிலோதான் எடை, இரண்டாகக் கழற்றலாம், சிரமமில்லை. தடித்த ரப்பர் பாய் விரித்தேன். இரவு பத்துக்கு மேல் தொடுவதில்லை. பக்கத்தில் வாழ்பவரின் தூக்கத்தை உத்தேசித்து அமைத்த நேரம், ஆசையை உத்தேசித்து அமைத்த நேரத்தைவிட உறுதியாக நிற்கிறது. இது என் அனுபவத்தில் தவறாத உண்மை. இந்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று இருக்கும்போது, செய்யலாமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு இடமே கிடைப்பதில்லை.

ஜூரோங் தூங்கும் நேரம் ஒன்றல்ல. 1961இல் அப்போதைய நிதியமைச்சர் கோ கெங் சுவீ சதுப்பு நிலத்தைத் தொழிற்பேட்டையாக்கத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரம் ஷிஃப்டில் வாழ்கிறது. நானும் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜூரோங் தீவில் 12 மணி நேர ஷிஃப்ட்காரன்; இரண்டு பகல், இரண்டு இரவு, பிறகு ஓய்வு. தினம் காலை ஆறு மணிக்கு என்று சுவரில் எழுதி ஒட்டுகிறவர்களின் ஒழுங்கு எனக்குப் பொருந்தாது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த உடம்பு பொய் சொல்லாது. அதே வேகத்துக்கு நாடி அதிகமாகத் துடிக்கும். அன்று முதலில் தூக்கம், சாயங்காலம் எழுந்து, கிளம்புமுன் இருபது நிமிடம், அதுவும் மிக மெதுவாக. ஓய்வு நாள்களில் ஒரு மணி நேரம். அவற்றில் ஒரே ஒரு நாள் மட்டும் வேகம்: நான்கு நிமிடம் அழுத்தி, மூன்று நிமிடம் தளர்த்தி, சில சுற்றுகள். கடிகாரத்தோடு அல்லாமல் தூக்கத்தோடு பயிற்சியை முடிச்சுப் போட்டேன். அதிலிருந்து அது அறுந்ததில்லை.

இதில் எனக்குத் தைரியம் கொடுத்தவர் ஜோன் போ. டான் டோக் செங் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்துகொண்டே ஒலிம்பிக்குக்குத் தயாரானவர். முழுநேரப் பயிற்சிக்காகச் சம்பளமில்லா விடுப்பில் போயிருந்தவர், 2020இல் கிருமித்தொற்று பரவியபோது வார்டுக்குத் திரும்பி வந்தார். வேலைக்கு முன்னும் பின்னும் பயிற்சி என்று அந்த மாதங்களை ஓட்டி, அடுத்த ஆண்டு தகுதிச்சுற்றில் வலித்துத் தோக்கியோ போனார். சிங்கப்பூர் விளையாட்டுச் செய்திகளில் பதக்கம் வாங்கியவர்களைப் பற்றி எழுதும் அளவுக்கு இவரைப் பற்றி எழுதப்படவில்லை என்பது எனக்கு வருத்தம். உழைத்துக் களைத்த உடம்போடு எப்படிப் பேசுவது என்று இந்த ஊரில் ஷிஃப்ட் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அவரிடம் கற்றுக்கொள்ள இருக்கிறது.

களைத்த உடம்பு என்றதும் சூலியாக்கள் நினைவுக்கு வருகிறார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூர் ஆற்றில் சரக்குத் தோணித் தொழில் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தது. கடலில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் ஆற்றங்கரைக் கிடங்குகளுக்கும் இடையே துடுப்பும் கழியும் பாயுமாகச் சரக்கை ஏற்றி இறக்கினார்கள். 1822 நகரத் திட்டத்தில் அவர்களுக்கென்று ஆற்றோரம் ஒரு கம்போங் ஒதுக்கப்பட்டது. சவுத் பிரிட்ஜ் சாலையின் ஜாமியா சூலியா பள்ளிவாசலும் சூலியா ஸ்திரீட்டும் இன்றும் அவர்கள் பெயரைச் சொல்கின்றன. பிறகு தொழில் சீனர் கைக்கு மாறியது. 1983இல் தோணிகளே ஆற்றைவிட்டு அகற்றப்பட்டன. இந்த ஊரில் அந்தக் காலத்திலேயே தினந்தோறும் துடுப்பு வலித்த தமிழர்கள் அவர்கள். தசையும் அதே தசை, அசைவும் ஏறக்குறைய அதே அசைவு. அவர்கள் செய்தது வேலை, நான் செய்வது பயிற்சி. கப்பல் காத்திருந்தால் அவர்கள் வலித்தே தீர வேண்டும், கை ஓய்ந்தாலும் ஓயாவிட்டாலும். எனக்கு மூச்சு முட்டினால் கைப்பிடியைக் கொக்கியில் மாட்டிவிட்டு எழுந்து போகலாம். அந்த உரிமை இருப்பதால்தான் இதற்குப் பயிற்சி என்று பெயர். அதைப் பயன்படுத்தத் தெரியாமல், தன் கூடத்துக்குள்ளேயே கப்பல் முதலாளியைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறவர் நீடிப்பதில்லை.

இதை எனக்கு இன்னும் தெளிவாகக் காட்டியவர் அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர். கப்பல் பட்டறையில் வேலை, பெஞ்சூரு பக்கம் தங்கும்விடுதி. 2020 ஏப்ரலில் பொங்கோல் விடுதி ஒன்றும் ஜூரோங்கின் தோ குவான் விடுதியும் தனிமைப்படுத்தப்பட்டபோது, இரண்டிலுமாக ஏறத்தாழ 20,000 பேர் அறைக்குள் அடைபட்டார்கள். பிறகு மற்ற விடுதிகளும் அடைபட்டன. அவரும் மாதக் கணக்கில் இரட்டை அடுக்குக் கட்டிலில் கிடந்தவர். என் இயந்திரம் எட்டடி நீளம், இரண்டடி அகலம். அந்தக் கட்டில் பிடிக்கும் இடத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. வீட்டுப் பயிற்சி என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். அதற்கு முதலில் ஒரு வீடு வேண்டும், நாற்காலியை நகர்த்த உரிமை உள்ள தரை வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தார். இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆறு நாளும் கேபிள் இழுத்துட்டுத்தான் வர்றேன். ஏழாம் நாளும் இழுக்கணுமா?" என்றார்.

"இழுக்க வேணாம் தம்பி. உக்காந்து பாருங்க. நீங்க எவ்வளவு மெதுவாப் போனாலும் அது ஒண்ணும் சொல்லாது."

வெறுங்காலோடு உட்கார்ந்தார். முதலில் பட்டறைப் பழக்கத்தில் கையாலேயே வெடுக்கென்று இழுத்தார். காலால் தள்ளச் சொன்னேன். சிறிது நேரத்தில் தாளம் பிடித்துக்கொண்டது. திரையைத் திருப்பி வைத்துவிட்டேன், எண் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார், என் மனைவியிடம் ஊரில் மழை பெய்ததைப் பற்றிப் பேசினார், மறுபடி இழுத்தார். எழுந்தபோது தோளைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "வலிச்ச மாதிரியே இல்லண்ணே, உருவி விட்ட மாதிரி இருக்கு" என்றார். அவர் நாள் முழுக்கக் குனிந்து சுமக்கிறவர். முதுகை நிமிர்த்திப் பின்னால் சாய்ந்து, தன் இஷ்டத்துக்கு இழுக்கிற அசைவு அவர் வேலையில் கிடையாது. இப்போது லிட்டில் இந்தியாவுக்குப் போகாத ஞாயிறுகளில் வருகிறார்.

ஆனால் இந்த வட்டாரத்தில் விடுதியில் வாழும் எத்தனை பேருக்கு இப்படி ஒரு கூடம் கிடைக்கும்? வெளிநாட்டு ஊழியர்களுக்கான பொழுதுபோக்கு நிலையம் ஒன்று பெஞ்சூருவில் இருக்கிறது. அதுபோன்ற ஒவ்வோர் இடத்திலும், விடுதிகளிலும், இந்த இயந்திரம் இரண்டிரண்டாவது இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இதை ஓட்ட மின்சாரம் வேண்டாம். திரைக்கு மட்டும் இரண்டு பெரிய பேட்டரி. இடம் தேவைப்பட்டால் இரண்டாகக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிடலாம். எண்ணெயும் ஈரத்துணியும் போதும், பல வருஷம் உழைக்கும். யார் எவ்வளவு தூரம் இழுத்தார் என்று பட்டியல் எழுதி ஒட்டாமல், போட்டி என்று விளம்பரம் செய்யாமல், ஒரு விசிறியையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால் போதும். காலால் எப்படித் தள்ளுவது என்று காட்ட என்னைப் போன்ற ஷிஃப்ட்காரர்கள் ஓய்வு நாளில் போகலாம். நான் போகிறேன்.